பழைய கணினி விளையாட்டுக்கு உதவுமா?

(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி எழுதியது)

"அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்பது பழமொழி. மனிதருக்கு இது பொருந்தலாம், கணினிக்குப் பொருந்தாது. சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டோம்.

என் அண்ணன் பாலிடெக்னிக்கில் முதலாண்டு படிக்கிறார். வரைபடப் பாடத்திற்கு அவருக்குக் கணினி தேவைப்பட்டது. ஓய்வு நேரத்தில் அதில் விளையாடவும் வேண்டும் என்பது அவர் ஆசை. அம்மா தையல் வேலையில் மிச்சம் பிடித்துக் கட்டிய சீட்டுப் பணம் 20,000 ரூபாய் கைக்கு வந்தது. விளையாட்டுக்கு ஏற்ற புதிய கணினி அந்தத் தொகைக்குள் அடங்காது. ஆகவே பழைய கணினிகளைப் புதுப்பித்து விற்கும் கடை ஒன்றுக்குச் சென்றோம்.

அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் வானவில் விளக்குகள் சுழல, ஒரு கணினி பளபளத்தது. "அம்மா, இது ஐ7. பதினாறு ஜிபி நினைவகம், நாலு ஜிபி கிராபிக்ஸ். எந்த விளையாட்டும் ஓடும். பதினெட்டாயிரம்தான், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்றார் கடைக்காரர். அம்மா பணப்பையைத் திறந்துவிட்டார். நான்தான் அவர் கையைப் பிடித்து, "ஒரு நாள் பொறுங்கள் அம்மா" என்றேன். அந்த ஒரு நாளில் படித்தும், எங்கள் கணினி ஆசிரியையிடம் கேட்டும் அறிந்தவற்றைத் தோழியரோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

பழையது என்றால் மட்டமா?

இல்லை. பெரிய நிறுவனங்கள் கணினிகளை மொத்தமாக வாங்கிச் சில ஆண்டுகளில் மாற்றிவிடுகின்றன. அவற்றைத் துடைத்து, சோதித்து, பழுதானதை மாற்றி விற்பதே புதுப்பித்தல். 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு ஏறத்தாழ 6.2 கோடி டன். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் 'தூக்கியெறியும் பண்பாட்டை' வன்மையாகக் கண்டித்தார். ஆகவே பழைய கணினி வாங்குவது வெட்கப்பட வேண்டிய செயலன்று. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. அவை கடிதமும் கணக்கும் எழுதப் பிறந்தவை. விளையாடப் பிறந்தவை அல்ல.

விளையாட்டு ஏன் கடினமான வேலை?

நம் பள்ளி ஆண்டு விழாவுக்கு முற்றத்தில் பெரிய கோலம் போடுவோம் அல்லவா? சிஸ்டர் ஒருவர் திட்டம் சொல்வார். நூறு மாணவிகள் ஆளுக்கொரு கட்டத்தில் வண்ணம் நிரப்புவோம். கணினியில் திட்டம் சொல்பவர் 'பிராசசர்'. வண்ணம் நிரப்பும் கூட்டம் 'கிராபிக்ஸ் கார்டு'.

இன்றைய சாதாரணத் திரையில் குறுக்கே 1,920, நெடுக்கே 1,080 என 20,73,600 புள்ளிகள் உள்ளன. ஆட்டம் தடங்கலின்றி ஓட நொடிக்கு 60 படங்கள் வேண்டுமானால், ஒவ்வொரு நொடியும் 12 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளுக்கு வண்ணம் தீட்ட வேண்டும்! கடிதம் எழுதும்போது திரை பெரும்பாலும் அசையாமல் நிற்கிறது. அதனால்தான் அலுவலகத்தில் விரைவாக ஓடிய கணினி விளையாட்டில் திணறுகிறது. அளவை 1,280-க்கு 720 என்று குறைத்தால் புள்ளிகள் 9,21,600 ஆகிவிடும். வேலை பாதிக்கும் கீழே போகும். எளிய கணினி வைத்திருப்போர் கையாளத்தக்க நல்ல வழி இது.

பெயரைக் கண்டு மயங்காதீர்

'ஐ7' என்பது குடும்பப் பெயர் மட்டுமே. அதன் பின் வரும் எண்ணே வயதைச் சொல்லும். ஐ5-3470 என்றால் மூன்றாம் தலைமுறை. ஐ5-8500 என்றால் எட்டாம் தலைமுறை. கடையில் நாங்கள் கண்டது ஐ7-2600. அது 2011-இல் வந்த இரண்டாம் தலைமுறை. 2022-இல் வந்த ஐ3-12100 பெயரில் சிறியது. ஆயினும் அந்தப் பழைய ஐ7-ஐ எளிதில் முந்திவிடும்.

தலைமுறைக்கு வேறொரு முக்கியத்துவமும் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி நிறுவ 'டிபிஎம் 2.0' என்னும் பாதுகாப்பு ஏற்பாடு தேவை. இன்டெல் பிராசசர் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும். அண்ணன் விரும்பிய 'வாலரண்ட்' பழைய கணினியிலும் ஓடக்கூடிய இலேசான விளையாட்டுத்தான். ஆனால் விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0 இல்லையென்றால் அது திறக்கவே மறுத்துவிடும். வலிமை இருந்தும் வாயிற்கதவு அடைபட்டுப் போகிறது!

தொட்டி பெரிது, குழாய் சிறிது

'நாலு ஜிபி கிராபிக்ஸ்' என்று கடைக்காரர் சொன்ன கார்டு, 2014-இல் வந்த ஜிடி 730. நினைவகத்தின் அளவு தண்ணீர்த் தொட்டி போன்றது. வேகம் குழாய் போன்றது. மாடியில் பெரிய தொட்டி வைத்து, குழாயை ஊசி போல் வைத்தால் குடம் எப்போது நிறையும்? எத்தனை ஜிபி என்று கேட்பதோடு நில்லாமல், எந்தக் கார்டு, எந்த ஆண்டு என்றும் கேட்க வேண்டும்.

பிறகு நல்ல கார்டு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று எண்ணுவோர் பெட்டியை முதலில் பார்க்க வேண்டும். மெலிந்த பெட்டியில் அரை உயரக் கார்டுதான் நுழையும். மின்சாரமும் போதாது. சான்றாக, 2012-இல் வந்த டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010-இன் சிறிய பெட்டியில் உள்ள மின்வழங்கி 240 வாட் மட்டுமே. கார்டைச் செருகும் இடம் தானே தருவது 75 வாட் வரைதான். 2019-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 இந்த 75 வாட்டுக்குள் அடங்குவது. அதில் தனி மின்கம்பி தேவைப்படாத வகைகளும், அரை உயர வகைகளும் உண்டு.

முதலில் பட்டியல் எழுதுக

"விளையாட்டுக்கு உதவுமா?" என்று கேட்பதை விட, "எந்த விளையாட்டுக்கு?" என்று கேட்பதே முறை. ஒவ்வொரு விளையாட்டுக்கும் குறைந்தபட்சத் தேவை அறிவிக்கப்படுகிறது. கார்ப் பந்தய விளையாட்டான 'போர்சா ஹொரைசன் 5' (2021) கேட்பவை: ஐ5-4460 பிராசசர், 8 ஜிபி நினைவகம், ஜிடிஎக்ஸ் 970 கார்டு, 110 ஜிபி இடம். பிராசசரைப் பார்த்தால் பழைய கணினியே போதும் போலத் தோன்றும். ஆனால் அந்தக் கார்டுக்கு மட்டும் 145 வாட் வேண்டும்! ஒன்றில் தேறி மற்றொன்றில் தவறினால், மொத்தத்தில் தோல்விதான். நம் பொதுத் தேர்வைப் போல.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் விசைகளை ஒருசேர அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். அதில் 'பெர்பார்மன்ஸ்' பகுதி உண்மையைச் சொல்லிவிடும். பிராசசரின் முழுப் பெயர், நினைவகம் எத்தனை செருகுவாய்களில் உள்ளது, வட்டு எஸ்எஸ்டி வகையா, பழைய சுழலும் வகையா, கார்டின் பெயர் என்ன என்பவை அனைத்தும் அங்கே தெரியும். பிறகு ஏதேனும் ஒரு விளையாட்டை அரை மணி நேரம் ஓடவிட வேண்டும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். நடுவில் அணைகிறதா, விசிறி அலறுகிறதா, கருகிய வாடை வருகிறதா என்று கவனிக்க வேண்டும். உத்தரவாதக் காலத்தை ரசீதில் எழுதி வாங்க வேண்டும், வாய்ச்சொல் போதாது.

நாங்கள் வாங்கியது

மறுநாள் வேறொரு கடையில், விளக்கு எதுவும் இல்லாத கறுப்புப் பெட்டி ஒன்றை 15,000 ரூபாய்க்கு வாங்கினோம். 2018-ஆம் ஆண்டின் ஐ5-8500 பிராசசர், எஸ்எஸ்டி வட்டு, 8 ஜிபி நினைவகம், பிற்காலத்தில் முழு உயரக் கார்டு செருக இடம் ஆகியவை அதில் உண்டு. மீதிப் பணத்தில் இன்னொரு 8 ஜிபி நினைவகம் போட்டோம். தனிக் கார்டு இல்லாத கணினி படம் வரையவும் பொது நினைவகத்தையே பயன்படுத்துகிறது. நினைவகம் இரண்டாக அமைந்தால் செய்தி செல்ல இரு பாதைகள் கிடைக்கின்றன.

இப்போது அண்ணனின் வரைபடப் பாடம் நடக்கிறது. மைன்கிராப்டும் வாலரண்டும் ஓடுகின்றன. கார்ப் பந்தயம் ஓடாது. கார்டுக்காக அண்ணன் தனியே உண்டியலில் சேர்த்து வருகிறார். முதல் நாள் அவர் முகத்தில் சிறு வாட்டம் இருந்தது உண்மைதான். ஆனால் அம்மாவின் ஓராண்டு உழைப்பு வண்ண விளக்குக்குப் போகவில்லை என்று பின்னர் அவரே சொன்னார்.

தோழியரே! கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று யாரேனும் சொன்னால், அப்போதுதான் கண்ணை நன்றாகத் திறந்து பார்க்க வேண்டும்.