வளைகோடும் காட்சியும்

பிளாட்பாரத்தில் நின்று, நெடியதோர் ரயில் வண்டியின் நடுப்பெட்டியை நேராக நோக்குகிறோம். வண்டி இடப்புறமும் வலப்புறமும் சிறுத்துச் செல்கிறது. கூரைக்கோடு இருபுறமும் தாழ்கிறது. ஆயினும் நடுவில் முறிவு ஏதும் தென்படுவதில்லை. இதனை நேர்கோட்டால் வரைதல் இயலுமா? இயலாது, வளைகோடே வழி. பிரெஞ்சு ஓவியர் ழான் ஃபூக்கே 15-ஆம் நூற்றாண்டிலேயே தரையை வளைத்துத் தீட்டினார். 1968-இல் ஃப்ளோக்கோன், பார் என்னும் இருவர் இம்முறையை விளக்கி நூல் வெளியிட்டனர்.

பயில்வது எங்ஙனம்? முதலில் ஒரு வட்டம் வரைவோம். மையத்திலும், மேல், கீழ், இடம், வலம் ஆகிய எல்லைகளிலும் புள்ளியிடுவோம். கிடைக்கோடுகள் இட வலப் புள்ளிகளை இணைக்கும் விற்களாகும்; நிலைக்கோடுகள் மேல் கீழ்ப் புள்ளிகளை இணைக்கும் விற்களாகும். நம்மை விட்டு நேரே அகலும் கோடுகள் மையத்தில் கூடும். அளவுகோலை நம்பிக் கண்ணை ஐயுறுதல் வேண்டா.