இறையாட்சி உவமைகளும் எமது வயல்களும்

இயேசு இறையாட்சியைப் பற்றிப் பேச எடுத்த பொருள்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். விதை, களை, கடுகு, புளித்த மா, வலை, நாட்கூலி. இவை எல்லாம் மண்ணிலும் தண்ணீரிலும் அடுப்படியிலும் உள்ளவை. இருந்தும் எமது பக்கத்தில் பலர் இந்த உவமைகளைக் கேட்டவுடன் அவை செத்தபின் போகும் இடத்தைப் பற்றியவை என்றே நினைக்கிறார்கள். முகாம்களில் இருந்த காலத்தில் "இங்கே பட்ட கஷ்டத்துக்கு அங்கே பலன் உண்டு" என்று ஆறுதல் சொன்னவர்களும் உண்டு. நல்ல மனதோடு சொன்னார்கள். ஆனால் உவமைகள் சொல்வது வேறு.

இந்தக் குழப்பத்துக்கு மொழிபெயர்ப்பும் ஒரு காரணம். புரட்டஸ்தாந்து சபைகளின் பழைய வேதாகமத்தில் மத்தேயு எழுதிய நற்செய்தியில் 'பரலோகராஜ்யம்' என்றும் மாற்கு, லூக்காவில் 'தேவனுடைய ராஜ்யம்' என்றும் வருகிறது. 1995 இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் அவை 'விண்ணரசு' என்றும் 'இறையாட்சி' என்றும் ஆயின. இரண்டும் ஒரே பொருளைத்தான் குறிக்கின்றன. யூதர் கடவுளின் பெயரை வாயால் சொல்லக் கூசுவார்கள். வானம் என்று சொன்னால் கடவுள் என்று விளங்கிக்கொள்வார்கள். "மேலே இருக்கிறவன் பார்த்துக்கொள்வான்" என்று நாம் சொல்வதில்லையா, அதைப்போல. கிரேக்க மூலத்தில் உள்ள 'பசிலேயா' என்ற சொல்லுக்கு ஆளப்படும் நாடு என்றும் பொருள் உண்டு, ஆளுகை என்றும் பொருள் உண்டு. உவமைகளில் முன்நிற்பது ஆளுகை. கடவுள் விரும்புகிறபடி காரியங்கள் நடக்கத் தொடங்கினால் எப்படி இருக்கும் என்பதே அவற்றின் பேச்சு.

கேட்டவர்கள் யார்?

கலிலேயாவின் குடியானவர்களும் மீனவர்களும் கூலியாட்களும். அவர்கள் அமைதியான நாட்டில் வாழவில்லை. கி.மு. 4 இல் பெரிய ஏரோது இறந்ததும் அங்கே கிளர்ச்சி எழுந்தது. அதை அடக்க வந்த உரோமப் படை செப்போரிஸ் நகரை எரித்து அங்கிருந்தவர்களை அடிமைகளாக்கியது என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதிவைத்திருக்கிறார். நாசரேத்திலிருந்து அந்த நகரம் ஏறக்குறைய நான்கு மைல். ஒன்றரை மணிநேர நடைதான். இயேசு பிறந்ததும் ஏறத்தாழ அந்தக் காலத்திலேதான். எரிந்த ஊரின் கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுள் அவரும் ஒருவராக இருந்திருப்பார்.

பின்னர் அங்கே ஏரோது அந்திப்பா ஆண்டான். அவனுக்கு முன்னால் பட்டவர்த்தனமாகப் பேசிய திருமுழுக்கு யோவானின் தலை போயிற்று. அப்படிப்பட்ட நாட்டில் 'ராஜ்யம்' என்பது ஆபத்தான சொல். ஆகவே விதையைப் பற்றிக் கதைப்பது போல அதைப் பற்றிக் கதைக்க வேண்டியிருந்தது. எமது களவெட்டியிலும் முன்னோர் பொருள்களை வழக்கமான பெயரால் சொல்லாமல் வேறு பெயர் வைத்துப் பேசுவார்கள். கேட்கக் கூடாத காதுகள் அங்கே இருக்கின்றன என்ற எண்ணம். அந்த வழக்கம் தெரிந்தவருக்கு உவமை ஒன்றும் புதினமல்ல.

விதைப்பும் விளைச்சலும்

விதைப்பவன் உவமை எல்லோருக்கும் தெரிந்தது. வழியோரம், கற்பாறை, முட்செடி, நல்ல நிலம். பிரசங்கங்களில் பெரும்பாலும் "நீ எந்த நிலம்?" என்று கேட்டு முடித்துவிடுவார்கள். வேளாண்மைக்காரர் காதுக்கு அதற்குமுன் ஒரு கணக்குக் கேட்கும். நாம் ஏக்கருக்கு இரண்டு, மூன்று புசல் வீசி விதைக்கிறோம். அறுபது புசல் வந்தால் இருபது, முப்பது மடங்கு. அதனால் முப்பது என்பது எமக்குப் பெரிதாகப் படுவதில்லை. ஆனால் அக்காலக் கோதுமை நிலங்களில் பத்து மடங்கு வந்தாலே நல்ல போகம் என்று ஆராய்ந்தவர்களுள் பலர் சொல்கிறார்கள். அங்கே முப்பது, அறுபது, நூறு என்று சொன்னபோது கேட்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்திருப்பார்கள். வரி, வாரம், கடன் எல்லாம் கட்டியபின்னும் வீட்டில் நெல் மிஞ்சும் என்பதல்லவா அந்தக் கணக்கு!

மாற்கு மட்டும் சொல்லும் ஒரு சிறிய உவமை நான்காம் அதிகாரத்தில் உண்டு. ஒருவன் விதைக்கிறான், பிறகு தூங்குகிறான், எழும்புகிறான். விதை எப்படி முளைத்தது என்று அவனுக்குத் தெரியாது. நிலம் தன்பாட்டில் முளையையும் கதிரையும் மணியையும் தருகிறது. இதைச் சோம்பலுக்கு இடம் கொடுப்பது என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். காவல் வாடியில் இரவிரவாகக் கண்விழித்தவர்களுக்கு அது சோம்பல் அல்ல என்று தெரியும். செய்ய வேண்டியதைச் செய்தபின் மனிதன் கைக்கு எட்டாத ஒரு பங்கு இருக்கிறது.

2007 மார்ச்சில் படுவான்கரையிலிருந்து பல்லாயிரம் பேர் எழுவான்கரைக்கு ஓடிவந்தபோது பெரும்போக வெட்டுக் காலம். கதிர் தன்பாட்டில் விளைந்து நின்றது, வெட்ட ஆள் இல்லை. இந்த உவமை அந்த இழப்புக்குப் பதில் சொல்கிறது என்று நான் சொல்லமாட்டேன். உவமையின் கடைசி வரி அரிவாளைப் பற்றியது. வெட்டு இல்லாத விளைச்சலை இயேசுவும் முழு விளைச்சலாகக் காட்டவில்லை. விதைத்தவனே அரிவாளோடு வயலுக்குள் இறங்குவதும் இறையாட்சிக்குள் அடங்கும்.

களைகள்

மத்தேயு 13 இல் உள்ள களைகள் உவமையே எமக்கு மிகவும் தேவையானது என்பது என் எண்ணம். பகைவன் இரவில் வந்து கோதுமைக்குள் களையை விதைக்கிறான். அங்கே சொல்லப்படும் களை கோதுமையைப் போலவே வளரும் ஒரு புல். கதிர் வெளிவரும்வரை வேறுபாடு தெரியாது. அதன் மணி மாவில் கலந்தால் தலைசுற்றும், சத்தி வரும். எமது வயலில் இதற்கு மிகக் கிட்டியது பன்றிநெல். அதுவும் நெல்லினமே ஆதலால் இளம் பயிரில் அடையாளம் காண்பது கடினம். வழக்கமான களைநாசினியும் நெல்லை விட்டு அதை மட்டும் கொல்லாது.

வேலையாட்கள் பிடுங்கட்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்கிறான் வயற்காரன். இவ்விடத்தில் எந்த வேளாண்மைக்காரரும் நிமிர்ந்து பார்ப்பார். களை பிடுங்காத வேளாண்மை உண்டா? ஆனால் அவன் சொல்லும் காரணம் உழவனின் காரணம்தான்: வேர்கள் பின்னிக்கிடக்கின்றன, களையோடு பயிரும் வந்துவிடும். இயேசு இங்கே பேசுவது மனிதரைப் பற்றி. யார் நல்ல பயிர், யார் களை என்று பிரிக்கும் வேலையை அவர் வேலையாட்களின் கையில் கொடுக்கவில்லை.

பிரித்தெடுத்தல் என்றால் என்ன என்று இந்த வாவிக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1990 செப்டெம்பர் 5 அன்று வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சமிருந்தவர்கள் முகமூடியிட்ட தலையாட்டிகளின் முன்னால் வரிசையாக விடப்பட்டனர். 158 பேரை இராணுவம் கொண்டுபோனது. அவர்கள் திரும்பி வரவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்னர், ஓகஸ்ட் 3 இரவு, காத்தான்குடியில் இரு பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோரைத் தமிழ் ஆயுததாரிகள் சுட்டுக் கொன்றனர். ஒவ்வொரு தரப்புக்கும் மற்றவர் களை. இந்த இரண்டையும் ஒரே பந்தியில் எழுதுவதை விரும்பாதவர்கள் இருக்கலாம். உவமை எமது பக்கத்துக்கு மட்டும் தனியாகச் சொல்லப்படவில்லை.

அதற்காகக் குற்றத்தைக் கேட்கவே கூடாது என்று இதற்குப் பொருள் கொள்ளவும் முடியாது. உவமையில் அறுவடை வருகிறது, கணக்கும் கேட்கப்படுகிறது. காணாமற்போன பிள்ளைக்காகப் பதில் கேட்கும் தாயிடம் போய் "களையை விடுங்கள், கடவுள் பார்ப்பார்" என்று இந்த உவமையைச் சொல்வது பெரும் தவறு. பிடுங்கப் புறப்பட்டவர்களுக்குச் சொன்னதைப் பிடுங்கப்பட்டவர்களுக்குச் சொல்வதாகும்.

கூலிக்கு நின்றவர்கள்

மத்தேயு 20 இல் திராட்சைத் தோட்டக்காரன் விடியற்காலை தொடங்கி மாலை ஐந்து மணிவரை ஐந்து தடவை ஆள் பிடிக்கிறான். கடைசியாக வந்தவர்களிடம் ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறான். எவரும் கூப்பிடவில்லை என்பது அவர்களின் பதில். படுவான்கரையில் சொந்த வயல் வைத்திருந்தவர்கள் எழுவான்கரைச் சந்திகளில் அப்படி நின்றதுண்டு. தோட்டக்காரன் எல்லோருக்கும் ஒரு நாளுக்குரிய முழுக் கூலியைக் கொடுக்கிறான். ஒரு மணிநேரம் வேலை செய்தவன் வீட்டிலும் அடுப்பு முழுதாகத்தானே எரிய வேண்டும்! முதலில் வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

நிவாரண வரிசையில் நின்ற எமக்கு அந்த முணுமுணுப்பும் பழக்கமானது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின்னர் கடலால் வீடிழந்தவர்களுக்கு ஒரு மாதிரியும் யுத்தத்தால் வீடிழந்தவர்களுக்கு இன்னொரு மாதிரியும் உதவி வந்தது. அந்த வேறுபாட்டைக் குறைசொன்னவர்கள் அந்த முதல் ஆட்களைப் போன்றவர்கள் அல்லர். முதல் ஆட்கள் பிறருக்குக் கிடைத்தது கூடிவிட்டது என்று கோபித்தார்கள். இவர்கள் தங்களுக்கும் தேவை இருக்கிறது என்றார்கள்.

கடுகும் புளித்த மாவும் சிறியது பெரிதாவதைச் சொல்கின்றன. அவற்றை நீட்டத் தேவையில்லை. வயலில் புதைந்த புதையலைப் பற்றி மட்டும் ஒரு சொல். அது கட்டுக்கதை மாதிரித் தோன்றலாம். போர்க்காலத்தில் யெருசலேம் மக்கள் தங்கள் பொருள்களை நிலத்தில் புதைத்துவைத்ததையும் யோசேப்பஸ் எழுதியிருக்கிறார். நகையையும் காணி உறுதியையும் பொதிசெய்து மண்ணுக்குள் வைத்துவிட்டு ஓடிய குடும்பங்கள் எமது ஊர்களிலும் உண்டு.

மாதர் சங்கத்திலோ வாசிப்பு வட்டத்திலோ இவற்றைப் படிக்கும்போது ஒன்று செய்து பாருங்கள். விளக்கத்தை உபதேசியாரோ போதகரோ முதலில் சொல்ல வேண்டாம். விதைப்பு உவமையை விதைத்தவர் சொல்லட்டும். வலை உவமையை வாவியில் வலை வீசுகிற ஒருவர் சொல்லட்டும். வலைக்குள் எல்லா மீனும் வரும் என்றும், பிரிப்பது கரைக்கு வந்தபிறகுதான் என்றும் அவருக்குப் புத்தகம் பார்க்காமலே தெரியும். வட்டத்தில் இருக்கும் சைவக் குடும்பங்களும் பேசட்டும். கலிலேயாவில் கேட்டவர்களிடமும் முதலில் யாரும் சமயம் கேட்கவில்லை.