ஜெல் பூச்சு நிற்பது நகத்தின் பலத்தில்

மருதாணியும் ஜெல்லும்

மருதாணி வைத்த நகத்தில் நிறம் பெயர்ந்து உதிர்ந்ததாக யாரும் சொல்லிக் கேட்டிருக்க மாட்டோம். உள்ளங்கைச் சிவப்பு சில நாட்களில் மங்கிவிடும். நகத்தில் ஏறியது, நகம் வளர்ந்து வெட்டுப்படும்வரை அப்படியே இருக்கும். இலையில் உள்ள லாசோன் என்ற சாயம் நகத்தின் கெரட்டின் புரதத்துக்குள் ஊறி அதோடு பிணைந்துகொள்வதே காரணம். ஜெல் பாலிஷ் அந்த வகை இல்லை. அது நகத்தின் மேலே படிந்து, விளக்கின் புறஊதா ஒளி பட்டதும் இறுகி, மெல்லிய பிளாஸ்டிக் ஓடாக உட்கார்ந்துகொள்கிறது. அதனால் அதன் ஆயுள், அந்த ஓடும் நகமும் தொட்டுக்கொள்ளும் பரப்பைப் பொறுத்தது. இரண்டு மூன்று வாரம் இருக்க வேண்டிய பூச்சு ஐந்தாம் நாளே ஓரத்தில் தூக்கினால், பாலிஷ் மட்டம் என்று பழி சொல்கிறோம். பெரும்பாலும் கோளாறு, பாலிஷ் புட்டியைத் திறப்பதற்கு முந்தைய பத்து நிமிடத்தில் நடந்திருக்கும். அதைவிட வருத்தம், அடுத்த முறை நன்றாக ஒட்டட்டும் என்று நகத்தை இன்னும் அழுத்தித் தேய்ப்பது. நகத்தைப் புண்படுத்துகிற வேலை எதுவும் ஜெல்லின் ஆயுளையும் குறைக்கிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல வருகிறேன். நகத்தின் நலன் வேறு, பூச்சின் ஆயுள் வேறு என்று பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. இரண்டுக்கும் ஒரே தயாரிப்புதான்.

பூசுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது

பழைய பாலிஷைத் துடைத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் பத்து நகங்களையும் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். நுனி ஏடு ஏடாகப் பிரிகிறதா, நகம் சதையை விட்டு எழும்பி வெளுத்திருக்கிறதா, மஞ்சளோ பச்சையோ தட்டியிருக்கிறதா, ஓரச் சதை சிவந்து வலிக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு ஜெல் வேண்டாம். பூஞ்சைத் தொற்றின் மேல் பூசினால் அது மூடிக்குள் வளரும். நீளவாக்கில் புதிதாக ஒரு கருங்கோடு தெரிந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுவதுதான் முதல் வேலை. அரிதாக அது புற்றுநோயின் அடையாளமாகவும் இருக்கலாம், அதை வண்ணம் போட்டு மறைக்கக் கூடாது. நகம் மெலிந்து, நடுவில் கரண்டிபோல் குழிந்திருந்தால் இரும்புச்சத்துக் குறைவைச் சந்தேகிக்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருந்தது. அப்படிப்பட்ட நகத்துக்கு பேஸ் கோட் மருந்தாகாது. ரத்தப் பரிசோதனைதான் வழி. நகம் உறுதியாகும் என்று பயோட்டின் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். குறைபாடு இல்லாதவர்களுக்கு அது உதவும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. தைராய்டு, இதய ரத்தப் பரிசோதனை முடிவுகளை அது தவறாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017ல் எச்சரித்தும் இருக்கிறது.

வெந்நீர்க் கிண்ணம் எதற்கு?

மெனிக்யூர் என்றதும் நினைவுக்கு வருவது, சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் விரல்கள் ஊறும் காட்சி. ஜெல்லுக்கு அதுதான் முதல் எதிரி. பார்க்கக் கெட்டியாகத் தெரிந்தாலும் நகத்துக்குள் தண்ணீர் தோலைவிட வேகமாக நுழையும். பாத்திரம் தேய்த்து முடித்த கையோடு நகத்தை வளைத்துப் பார்த்தால் தெரியும், அது ஈரக் காகிதம்போல் இளகியிருக்கும். ஊறிய நகம் சற்று விரிந்து தட்டையாகிறது. அந்த நிலையில் ஜெல்லை இறுக வைத்தால், சில மணி நேரத்தில் நகம் காய்ந்து பழைய வளைவுக்குச் சுருங்கும். மேலிருக்கும் ஓடு அதோடு சேர்ந்து சுருங்காது. அந்த இழுபறியில் ஓரம் பிரிகிறது. பிரிந்த இடுக்கில் தண்ணீர் தேங்கினால் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா அங்கே குடியேறி, நகத்தைப் பச்சையாக்குவதும் உண்டு. தலைக்குக் குளித்ததும், துணி துவைத்ததும் உடனே பார்லருக்குப் போகாமல் கொஞ்ச நேரம் கைகள் காயவிடுவது நல்லது. ஊற வைக்காமல் தோல் எப்படி இளகும் என்று கேட்கலாம். அதற்கென்று உள்ள க்யூட்டிகிள் ரிமூவரை ஓரிரு நிமிடம் தடவி, ஒதுக்கி, நன்றாகத் துடைத்தாலே போதும். எண்ணெயும் ஊறலும்தான் பிடிக்கும் என்றால் முந்தின நாளே முடித்துக்கொள்ளலாம்.

எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது

க்யூட்டிகிள் என்று பார்லரில் ஒரே பெயரில் சொல்லப்படுவது உண்மையில் இரண்டு பொருள். ஒன்று, நகத்தின் மேல் பிசின்போல் ஒட்டிக்கொண்டு நகத்தோடு நகர்ந்து வரும் செத்த தோல் படலம். வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால், பளபளக்கும் நகத்தின் அடிப்பகுதியில் மங்கலாகத் தெரியும். அதன் மேல் ஜெல் பூசினால் நகத்தில் ஒட்டாது, அந்தப் படலத்தில்தான் ஒட்டும்; படலம் பெயரும்போது ஜெல்லும் பெயரும். அதை மரக்குச்சியால் மெதுவாக எடுத்துவிட வேண்டும். இன்னொன்று, நகத்தின் வேரை மூடியிருக்கும் உயிருள்ள தோல் மடிப்பு. கிருமியும் நீரும் உள்ளே இறங்காமல் காக்கிற முத்திரை அது. அதை வெட்டக் கூடாது என்றுதான் அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம் சொல்கிறது. வெட்டினால் வருவது நமக்கெல்லாம் தெரிந்த நகச்சுற்றுதான். விரலில் எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு இரவெல்லாம் விண் விண் என்று தெறிக்கும் வலியைப் பொறுத்தவர்கள் எந்த ஊரிலும் இருப்பார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு இந்தச் சிறு வெட்டும் பெரிய தொல்லையாகலாம். வெட்டினால்தான் அழகு என்ற வாதத்துக்கும் ஆயுள் குறைவு. வெட்டிய தோல் தடித்துச் சொரசொரப்பாகத் திரும்ப வளரும், மறுபடி வெட்டச் சொல்லும். பின்னுக்குத் தள்ளிவிட்டாலே நகம் நீளமாகத் தெரியும்.

சுரண்டினால்தான் ஒட்டுமா?

விரல் நகத்தின் கனம் சுமார் அரை மில்லிமீட்டர். அத்தனையும் செத்த செல் அடுக்குகள்; தேய்த்தது மீண்டும் மேலே முளைக்காது, அடியிலிருந்து புது நகம் வளர்ந்துதான் வர வேண்டும். சொரசொரப்பான பரப்பில் பிடிமானம் கூடும் என்பது உண்மைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பளபளப்பு மங்கினாலே போதும். 240 கிரிட் அளவுள்ள மென்மையான பஃபரால், நகம் வளரும் திசையில் அழுத்தாமல் இரண்டு மூன்று முறை வருடினால் அந்த மங்கல் வந்துவிடும். விரலில் சூடு தெரிந்தால் அளவு தாண்டிவிட்டது என்று பொருள். சுழலும் மின் ஃபைலை இயற்கை நகத்தின் மேல் வைப்பது தேவையில்லாத ஆபத்து. அரைவட்டமாகச் சிவந்த பள்ளங்களோடு திரும்புகிறவர்கள் அதற்குச் சாட்சி. மெலிந்த நகம் ஜெல்லைப் பிடித்துக்கொள்ளாமல் போவதற்கும் காரணம் இருக்கிறது. மெலிந்த நகம் பட்டனைப் போட்டாலும் டப்பா மூடியை நெம்பினாலும் வளைகிறது. அடித்தளம் வளைய வளைய மேலே உள்ள ஓடு விரிசல் விடுகிறது. அழுத்தித் தேய்த்த கைக்கு முதல் முறை நன்றாக இருந்து மூன்றாவது முறையிலிருந்து நிற்காமல் போவதன் ரகசியம் இதுதான்.

தேய்த்த தூளைத் தட்டிவிட்டு, பஞ்சு பிசிறாத துணியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு ஒவ்வொரு நகத்தையும் ஓரம் வரை துடைக்க வேண்டும். பூச்சு நிற்பதில் பாதிப் பங்கு இந்தத் துடைப்புக்கு உண்டு என்பது என் கணிப்பு. அதன்பின் தலைமுடியைக் கோதினால்கூடத் தேங்காய் எண்ணெய் விரலில் ஏறிவிடும்.

தோலில் படுவதன் விலை

ஜெல்லில் மெதக்ரிலேட் வகை ரசாயனங்கள் இருக்கின்றன. முழுதாக இறுகிவிட்டால் பெரிய தொல்லை இல்லை. இறுகாத நிலையில் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வரலாம். வந்தால் வாழ்நாள் முழுக்கத் தொடரும். பல் அடைப்பிலும் எலும்பு சிமென்ட்டிலும் இதே குடும்பத்து ரசாயனங்கள் உள்ளன என்பதால் பின்னாளில் சிகிச்சையே சிக்கலாகலாம். பிரிட்டிஷ் தோல் மருத்துவர் சங்கம் 2018லேயே இதைப் பற்றி எச்சரித்தது. இந்த வகையைச் சேர்ந்த ஹெமா என்ற மூலப்பொருளைத் தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் கட்டுப்படுத்தியது. வீட்டில் போட்டுக்கொள்ளும் கிட் மலிவுதானே என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஜெல்லுக்குப் பொருந்தாத விளக்கில் மேல்பரப்பு மட்டும் இறுகி உள்ளே பச்சையாகவே இருக்கும். தோலிலிருந்து ஒரு மயிரிழை இடைவெளி விட்டு, மெல்லிய பூச்சாக, அந்த ஜெல்லுக்கென்று சொல்லப்பட்ட விளக்கில் இறுக வைப்பது ஒவ்வாமையையும் தடுக்கும், ஓரம் தூக்குவதையும் தடுக்கும். தோலில் வழிந்த ஜெல்தான் முதலில் பிரியும் முனை. விளக்கின் புறஊதா ஒளிக்கு சன்ஸ்கிரீன் பூசச் சொல்வார்கள். அதன் எண்ணெய்ப் பசை நகத்தில் பட்டால் துடைத்ததெல்லாம் வீண். விரல் நுனி திறந்த கையுறை இரண்டுக்கும் ஏற்றது.

கழற்றும் நாளும் தயாரிப்பு நாளே

ஓரம் தூக்கிய ஜெல்லை மற்ற விரல் நகத்தால் நெம்பி உரிப்பது கை தானாகச் செய்கிற வேலை. உரிகிற ஓட்டின் அடியைத் திருப்பிப் பாருங்கள், வெள்ளையாக ஒட்டியிருப்பது உங்கள் நகத்தின் மேலடுக்கு. மேல்பூச்சை லேசாக ஃபைல் செய்து, அசிட்டோனில் நனைத்த பஞ்சை விரல் நுனியில் கட்டி, பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்தால் ஜெல் இளகித் தானே வழுகும். அசிட்டோன் நகத்தையும் சுற்றுத் தோலையும் வறட்டும் என்பதால் அன்றிரவிலிருந்து சில நாள் எண்ணெய் தடவுவது நல்லது. நகம் மூச்சுவிட இடைவெளி வேண்டும் என்பது சரியான காரணம் இல்லை. நகத்துக்கு மூச்சில்லை, வேருக்கு வேண்டியதை ரத்தம் கொடுக்கிறது. ஆனாலும் இடைவெளி வேண்டும். மூடிக்கொண்டே இருந்தால், முன்னால் சொன்ன அறிகுறிகள் எதுவும் கண்ணில் படாது. விரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளர்கிறது. உரித்துக் கெடுத்த நகம் முழுதாக மாறி வர ஆறு மாதம் ஆகும். தை மாதக் கல்யாணத்துக்கு நல்ல நகத்தில் ஜெல் பூச ஆசைப்படுகிற பெண், ஆடியிலிருந்தே உரிப்பதை நிறுத்தியிருக்க வேண்டும்.