ஓரத்து சீட் யாருக்கு?

ஆர்கானிக் கெமிஸ்ட்ரின்னாலே ப்ளஸ் டூ பசங்களுக்கு வயித்தைக் கலக்கும். 'எத்தனை ரியாக்‌ஷனைத்தான் உருப்போடுறது?' இன்ஜினீயரிங் கட்-ஆஃப் 200-ல் கெமிஸ்ட்ரிக்கு 50. பயம் நியாயம்தான். ஆனா உருப்போட வேண்டாம் பாஸ்! டவுன் பஸ்ஸில் சீட் பிடிக்கிற கதைதான் இது. முதல்ல ஏறுறது யாருன்னு கேளுங்க, போதும்.

புரோப்பீனோடு ஹைட்ரஜன் புரோமைடு சேர்ந்தால் என்ன கிடைக்கும்? இரட்டைப் பிணைப்பில் எலெக்ட்ரான் ஏராளம். அதைத் தேடி முதலில் ஏறுவது பாசிட்டிவ் ஹைட்ரஜன். அது ஓரத்து கார்பனில் உட்கார, பாசிட்டிவ் சார்ஜ் நடு கார்பனுக்குப் போகும். ரெண்டு பக்கமும் மெத்தில் குரூப் முட்டுக் கொடுப்பதால், சார்ஜுக்கு அதுதான் வசதியான இடம். பின்னாலேயே வரும் நெகட்டிவ் புரோமைடு அங்கே ஒட்டிக்கொள்ளும். விடை: 2-புரோமோபுரோப்பேன்.

ரஷ்ய விஞ்ஞானி மார்கோவ்னிகாஃப் இதை விதியாக வெளியிட்டது 1870-ல். தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டுபிடித்ததோ 1897-ல்! அவருக்குக் கிடைக்காத காரணம் நம்ம கையில் இருக்கு. அப்புறம் ஏன் விதியை மட்டும் மனப்பாடம் பண்ணணும்?

கேள்வியில் 'பெராக்ஸைடு' என்று ஒரு வார்த்தை சேர்ந்தால் மனப்பாட பார்ட்டி காலி. இப்போ முதலில் ஏறுவது புரோமின் ரேடிக்கல். ஓரத்து சீட் அதுக்கு! விடை: 1-புரோமோபுரோப்பேன். 1933-ல் கராஷும் மேயோவும் வெளிக்கொண்டு வந்த சமாச்சாரம் இது.

விடையை எழுதும் முன் எலெக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகுதுன்னு பென்சிலில் அம்புக்குறி போட்டுப் பாருங்க. புதுக் கேள்வி வந்தாலும் பேனா நிக்காது!