கோபுரமில்லாக் காற்றாலை

காற்றாலை இறக்கையின் நுனிப்புறத்து 30 விழுக்காடு நீளமே, அந்த இறக்கை சுழன்று வரையும் வட்டப் பரப்பில் ஏறத்தாழப் பாதியைத் துழாவிவிடுகிறது. எஃகுக் கோபுரமும், அது சாயாதபடி மண்ணுக்குள் இறக்கப்படும் கான்கிரீட் அடித்தளமும் அந்த நுனியை உயரத்தில் தாங்கிப் பிடிப்பதற்காக ஏற்கப்படும் செலவுகளாகும். நுனியை மட்டும் வைத்துக்கொண்டு, தாங்கும் வேலையை ஒரு கயிற்றிடம் ஒப்படைக்கலாகாதா என்ற கேள்வியில் பிறந்ததே பட்டத்தால் மின்சாரம் எடுக்கும் முறை.

இதற்குக் கணக்கு வகுத்தவர் அமெரிக்கப் பொறியாளர் மைல்ஸ் லாய்டு. காற்றுக்குக் குறுக்காக விரையும் பட்டம், ஓரிடத்தில் நிற்கும் பட்டத்தைவிடப் பன்மடங்கு விசையுடன் இழுக்கும் என்பதைத் தம் 1980ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் விளக்கினார். பட்டம் பக்கவாட்டில் பாயும்போது சிறுவர்களின் விரலை நூல் அறுப்பதும் இதனால்தான். சி-5ஏ என்னும் ராணுவச் சரக்கு விமானத்தை ஒத்த இறக்கை, நொடிக்கு 10 மீட்டர் வேகக் காற்றில் 6.7 மெகாவாட் தரும் என்பது அவருடைய கணிப்பு.

இன்று பெரிதும் கையாளப்படும் வழியில் மின்னாக்கி தரையிலேயே இருக்கிறது. பட்டம் எட்டு வடிவில் பறந்து இழுக்க, கயிறு சுற்றிய உருளை சுழன்று மின்சாரம் பிறக்கிறது. கயிறு முழுதும் ஓடியபின் பட்டத்தின் சாய்வை மாற்றிக் காற்றின் பிடியைத் தளர்த்தி, கிடைத்த மின்சாரத்தில் சிறு பங்கைச் செலவிட்டுக் கயிற்றை மீண்டும் சுற்றிக்கொள்கின்றனர். ஜெர்மனியின் ஸ்கைசெயில்ஸும் நெதர்லாந்தின் கைட்பவரும் இவ்வழியைச் சேர்ந்தவை. கலிபோர்னியாவின் மக்கானி நிறுவனமோ இறக்கையிலேயே எட்டு விசிறிகளைப் பொருத்தி, மின்சாரத்தைக் கயிற்றின் வழியே கீழிறக்கியது. 2013இல் கூகுள் வசமான அந்நிறுவனம், 26 மீட்டர் நீள இறக்கையுடைய 600 கிலோவாட் கருவியை 2019இல் நார்வே நாட்டுக் கரைக்கு அப்பால் கடலில் பறக்கவிட்டது. சந்தையை எட்டும் பாதை நினைத்ததைவிட நீண்டது, இடர் மிக்கது எனத் தாய் நிறுவனமான ஆல்பபெட் 2020இல் விலகிக்கொண்டது.

கோபுரம் போனதால் எஃகின் செலவு குறைந்தது உண்மையே. ஆனால் கோபுரம் பேசாமல் செய்துவந்த வேலை முழுவதும் கணினியின் தலையில் விழுந்தது. காற்று ஓய்ந்தாலும் புயல் எழுந்தாலும் பட்டத்தைப் பத்திரமாக இறக்கி, ஆள் துணையின்றி மறுபடி ஏற்ற வேண்டும். உருளையில் ஓயாமல் வளைந்து நிமிரும் கயிறும் தேய்ந்து, மாற்றவேண்டியதாகிறது. எனவே பெரிய காற்றாலைகளோடு இம்முறை விலையில் போட்டியிடுவது இப்போதைக்குக் கடினம். டீசலைக் கப்பலில் கொண்டுவந்து மின்சாரம் எடுக்கும் தீவுகளில் கணக்கு வேறாகிறது. அங்கே கோபுரம் நட ராட்சதப் பளுதூக்கிகளைக் கொண்டுசெல்வதே பெரும்பாடாக இருக்க, பட்டக் கருவி ஒரு சரக்குப் பெட்டகத்தில் வந்திறங்கிவிடும். ஸ்கைசெயில்ஸ் தன் பட்டத்தை மொரீஷியஸ் தீவில் நிறுவியது இக்கணக்கை ஒட்டியே.