உங்களுக்குத் தெரியுமா? இலையில் சுரக்கும் தேன்!

2023இல் புவிசார் குறியீடு பெற்ற, கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் தேனில் பெரும்பங்கு பூவிலிருந்து வருவதல்ல, ரப்பர் இலையிலிருந்து!

குளிர்காலத்தில் இலையுதிர்க்கும் ரப்பர் மரம் ஜனவரி வாக்கில் தளிர்விடும். அதன் இலையின் மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தில் நுண்ணிய சுரப்பிகள். இளம் இலையில் அவற்றிலிருந்து இனிப்பு நீர் கசியும். மார்ச் வரை, பெட்டிகளில் வளர்க்கப்படும் அடுக்குத் தேனீக்களுக்கு அதுவே விருந்து.

• கன்னியாகுமரித் தேனீக்களுக்கு மழைக்காலமே பஞ்சகாலம். சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு கலந்த பாகைச் சிரட்டையில் ஊற்றிப் பெட்டிக்குள் வைப்பார்கள். தேனீக்கள் மூழ்கிச் சாகாதிருக்க, மேலே சிறு குச்சிகளை மிதக்கவிட வேண்டும்.

• ஊட்ட ஏற்ற நேரம் அந்திப்பொழுது. பகலில் வைத்தால் பக்கத்துப் பெட்டித் தேனீக்கள் கொள்ளையடிக்க வந்துவிடும்.

• தளிர் வரும் முன்பே பாகை நிறுத்தியாக வேண்டும். இல்லையேல் சர்க்கரையும் அடையேறித் தேனோடு கலந்துவிடும்.