நீளக் குழலும் மூச்சும்

5 கட்டைச் சின்னக் குழலில் கீர்த்தனைவரை வந்துவிட்டவர்கள் 1 கட்டை நீளக் குழலை எடுத்ததும் சொல்கிற முதல் குறை, "மூச்சு பத்தலை" என்பதுதான். அதை நம்பிப் பிராணாயாமம் பழகச் சொல்வது நோயை மாற்றிப் பிடித்துச் செய்கிற வைத்தியம். தாழ்ந்த ஸ்வரத்துக்கு முகத்துளையின் விளிம்பில் மோதும் காற்று மெதுவாகப் போக வேண்டும். அழுத்தி ஊதினால் ஸ்வரம் மேல் ஸ்தாயிக்குத் தாவிவிடும். துளை பெரிதானால் காற்றுச் செலவும் கூடுமே என்று கேட்கலாம். கூடும்தான். ஆனால் அதற்கு மருந்து உதட்டின் இடைவெளியைக் குறுக்குவது. நெஞ்சை நிரப்பித் தள்ளுவதல்ல.

பெரும்பாலும் கோளாறு விரலில்தான் இருக்கிறது. நீளக் குழலில் துளைகள் தள்ளித் தள்ளி இருப்பதால் மோதிர விரலை வளைத்து நுனியால் மூட முடியாது. விரலை நீட்டிப் படுக்கவைத்து, நடுக்கணுவின் சதையால் மூட வேண்டும். மயிரிழை இடைவெளி இருந்தாலும் மந்திர ஸ்தாயி பேசாது. முகத்துளைப் பக்கமிருந்து ஒவ்வொரு துளையாக மூடிக்கொண்டே மெல்ல ஊதிப் பாருங்கள். எந்த விரலை வைத்ததும் நாதம் உடைகிறதோ, முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த விரலைத்தான்.

கமகத்துக்கும் பிருகாவுக்கும் சின்னக் குழலே போதும் என்பது வலுவான வாதம். குரலுக்கு நிகரான கமகத்தைக் குழலில் கொண்டுவந்தவர் மாலி என்கிற டி.ஆர்.மகாலிங்கம். ஆனால் அவருடைய சீடர் என்.ரமணி (1934–2015) தான், இந்துஸ்தானியில் நீண்ட பான்சுரியை நிலைநாட்டிய பன்னாலால் கோஷின் வழியைப் பார்த்து, நீளக் குழலைக் கர்நாடக மேடைக்குக் கொண்டுவந்தார். துரிதத்தில் அது சற்றுப் பின்தங்கும், ஒப்புக்கொள்கிறேன். பைரவி ஆலாபனை மந்திரத்தில் இறங்கி நிற்கும்போது கிடைக்கும் கனத்தைச் சின்னக் குழலிடம் எதிர்பார்க்க முடியாது. மைக் வந்த பிறகு, சபையின் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமே என்ற கவலையும் இல்லை.

குழந்தைகளுக்கு மட்டும் அவசரம் வேண்டாம், கை வளரட்டும். பெரியவர்களும் ஒரேயடியாகத் தாவாமல், நடுவில் 3 கட்டையில் சில மாதம் இருந்துவிட்டு வருவது நல்லது. வந்ததும் வர்ணத்தைத் தொடக் கூடாது. எத்தனை வருஷம் வாசித்தவராக இருந்தாலும், சரளி வரிசையை முதல் காலத்தில், ஒவ்வொரு ஸ்வரமும் கசியாமல் நிற்கும்வரை வாசிக்க வேண்டும்.